வாசலில் நுழையாத இரட்டை வண்டி

நெரிஸ் குடியிருக்கும் இடத்தைத் தெரு என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அது ஒரு மலைச்சரிவு. அதில் யாரோ வரிசையாக வீடுகளை ஒட்டவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டின் ரோண்டா பள்ளத்தாக்கில் எங்கள் எல்லோருடைய தெருவும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கதவைத் திறந்தால் நேரே நடைபாதை. மேலே போனால் ஆடுகள், கீழே போனால் கடைத்தெரு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இறங்குவது ஒரு வேலை என்றால், திரும்பி ஏறுவது இன்னொரு பிரசவம்.

அவளுடைய முதல் பிள்ளை யான்டோ பிறந்தது ஒரு நவம்பரில். அந்தக் குளிர்காலம் முழுக்க நெரிஸ் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மழை, சளி, ராத்திரித் தூக்கமில்லை என்று முதலில் காரணங்கள் இருந்தன. பிறகு காரணம் எதுவும் தேவைப்படவில்லை. சோபாவில் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மடியில் கிடக்கும் பிள்ளை அழுவது வேறு யார் வீட்டிலோ அழுவது போலக் கேட்கும். மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை பாதி, வெயில் பாதி என்று மெல்லத் தேறி வந்தாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. கணவன் கெத்தின் ரொட்டித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்ப்பவன். பெண்டாட்டி கொஞ்சம் களைத்துப்போயிருந்தாள் என்பதற்கு மேல் அவனுக்கு எதுவும் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே இரண்டாவது உண்டானதும் அவளுக்கு ஒரு நாள் சந்தோஷம், மறுநாளிலிருந்து பயம். அது திரும்ப வந்துவிடுமோ என்ற பயம். யோசித்து யோசித்து ஒரே ஒரு முடிவுக்கு வந்தாள். மழையோ வெயிலோ, தினமும் வெளியே போய்விட வேண்டும். ஆனால் யான்டோவுக்கு அப்போது இரண்டு வயதுதான் ஆகியிருக்கும். மலை இறங்கும்போது மான்குட்டி மாதிரி ஓடுவான், ஏறும்போது நடைபாதையில் மல்லாந்து படுத்துவிடுவான். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிற இரட்டை வண்டி ஒன்று இல்லாமல் அவள் முடிவு நடக்காது.

இந்த வண்டி விஷயத்தில் கெத்தினின் அக்கா டெலித் தானாகவே தலைமை ஏற்றாள். கீழே சமதளத்தில் கராஜ் வைத்த வீட்டில் இருப்பவள். சமதளத்தில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றிலும் ஒரு அபிப்பிராயம் இருக்கும்.

"முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு உக்கார்ற மாதிரி வாங்கு," என்றாள் கடையில். "பக்கத்துல பக்கத்துல உக்கார்றது வேணாம். ரோட்டையே அடைச்சுக்கிட்டுப் போவே."

நெரிஸ் இரண்டையும் தள்ளிப் பார்த்தாள். முன்னும் பின்னுமாக உட்காரும் வண்டியில் ஒரு பிள்ளையின் முகம் இன்னொரு பிள்ளையின் கூரைக்குப் பின்னால் மறைந்துவிடும். பின்னால் உட்கார்ந்த பிள்ளைக்கு ஊரே தெரியாது, ஒரு துணிச்சுவர்தான் தெரியும்.

"எனக்கு ரெண்டு மூஞ்சியும் தெரியணும் டெலித்," என்றாள். ஏன் தெரிய வேண்டும் என்று சொல்லவில்லை. போன தடவை தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே மாதக்கணக்கில் இருந்தவள் அவள்.

"உன் இஷ்டம். அப்புறம் நான் சொல்லலன்னு சொல்லாதே."

கெத்தின் எதையும் அளக்காமல் வாங்க மாட்டான். நிச்சயதார்த்த மோதிரத்துக்கே அவள் தூங்கும்போது விரலில் நூல் சுற்றி அளந்தவன். டேப்பை எடுத்துக்கொண்டு காரின் பின்பக்கத்தை அளந்தான். பேருந்தில் வண்டி நிறுத்துகிற இடத்தை அளந்தான், ஓட்டுநர் முறைத்தார். மருந்துக் கடையில் அலமாரிகளுக்கு நடுவே மண்டியிட்டு அளந்தான். கடைசியாகத் தன் வீட்டு வாசலுக்கு வந்து நிலைச்சட்டத்தில் டேப்பை வைத்தபோது டெலித் பின்னால் வந்து நின்றாள்.

"என்னடா பண்றே?"

"கதவு அகலம் பாக்கறேன்."

"பிள்ளை இன்னும் வயித்துல இருக்கு. அதுக்குள்ள வண்டிக்கு வாசல் அளக்கறியா? உனக்குப் புத்திகித்தி இருக்கா?"

பிள்ளை பிறக்கும் முன்னால் வண்டி வீட்டுக்குள் வரக் கூடாது. எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைக்காரர்களே பிரசவம் ஆகும்வரை வண்டியைத் தங்களிடம் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் சொந்தக்காரர் வீட்டில் கிடக்கும். டெலித் அந்த வழக்கத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து, வாசலை அளப்பதும் வண்டியை உள்ளே கொண்டுவருவதும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கெத்தின் நெரிஸைப் பார்த்தான். அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு நம்பிக்கை இல்லை என்று வாய்விட்டுச் சொல்லும் தைரியமும் கிடையாது.

"டேப்பை உள்ள வை கெத்தின். நுழையாமயா போயிடும்."

"பாத்தாலே தெரியுது, நுழையும்," என்றான் அவனும். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டியையே வாங்கினார்கள்; அது டெலித்தின் கராஜில், பெட்டி பிரிக்காமல், மாதக்கணக்கில் காத்திருந்தது.

பிப்ரவரியில் பெண் பிறந்தாள். லவ்ரி என்று பெயர் வைத்தார்கள். சிசேரியன். கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நெரிஸ் வீடு வந்த மறுநாள் டெலித் வண்டியின் கைப்பிடியில் மஞ்சள் ரிப்பன் கட்டி, கல்யாண ஊர்வலம் போலத் தெருவில் தள்ளிக்கொண்டு வந்தாள். அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். வண்டி வாசலுக்கு வந்தது. முன்சக்கரங்கள் படி ஏறின. அதோடு சரி.

இரண்டு பக்கமும் நிலைச்சட்டத்தில் இடித்து நின்றது. ஒரு விரல் அகலம்தான் குறைச்சல்.

அப்புறம் நடந்ததைத் தெருவே நின்று பார்த்தது. சாய்த்துப் பார்த்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து கதவையே கழற்றி நடைபாதையில் சாய்த்துவைத்தார். கதவு போனாலும் சட்டம் சட்டம்தானே. மடக்கினால் நுழைந்தது. ஆனால் மடக்கவும் விரிக்கவும் ஆள் பலம் வேண்டும், அதுவும் சரிவான நடைபாதையில், ஒரு கையில் பிள்ளையும் இன்னொரு கையில் ஓடப் பார்க்கிற பிள்ளையும் இருக்கும்போது.

"நான் அப்பவே சொன்னேன், ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வாங்குன்னு," என்றாள் டெலித்.

"அளக்க விட்டியா நீ?" என்றான் கெத்தின்.

"அளக்காததாலதான் புள்ளை நல்லபடியாப் பொறந்திருக்கு. அதைச் சொல்லு முதல்ல."

"ஆமா, இனிமே வீட்டையும் அளக்காமலே கட்டு."

அக்காவும் தம்பியும் வாசலில் மோதிக்கொண்டிருக்க, நெரிஸ் உள்ளே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. எதுவும் வராததுதான் அவளைப் பயமுறுத்தியது.

வாங்கி மாதங்கள் ஆகிவிட்டன என்று கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். கெத்தின் தனக்குத் தெரிந்த வழியைச் செய்தான். வண்டியை விரித்தபடியே இரவும் பகலும் வெளியில் நிறுத்தி, வாசலோரக் குழாயோடு சங்கிலியால் கட்டி, சக்கரத்துக்குச் செங்கல் வைத்து, மேலே தார்ப்பாய் போர்த்திவிட்டான். பள்ளத்தாக்கின் காற்று தார்ப்பாயை மதிக்குமா? நெரிஸ் பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டி, தொப்பி மாட்டி, கதவைத் திறக்கும்போது இரண்டு இருக்கையிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். ஒரு நாள் பழைய ஒற்றை வண்டியில் லவ்ரியைப் போட்டு, யான்டோவை நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். தெருமுனை தாண்டுமுன்பே அவன் படுத்துவிட்டான். அவனைத் தூக்க முடியாது. அவன் பக்கத்தில் நடைபாதையில் உட்கார்ந்து, கெஞ்சி, பிஸ்கட் காட்டி வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

மறுநாள் அவள் முயற்சி செய்யவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சட்டை மாட்டுவதே வீண் என்று தோன்ற ஆரம்பித்தது. எதிர்வீட்டுக் கூரையில் எந்த ஓடு உடைந்திருக்கிறது, எதில் பாசி பிடித்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மறுபடியும் தெரியத் தொடங்கியது. கெத்தின் வந்து, "இன்னிக்கு எப்படி?" என்று கேட்டால், "நல்லாத்தான்," என்பாள்.

அப்படி ஒரு காலையில்தான் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு மார்லின் ப்யூ நின்றிருந்தாள். புருஷனைப் பறிகொடுத்துத் தனியாக இருப்பவள். வாய் நீளம். யான்டோ கரண்டியால் சுவரைத் தட்டினால், அந்தப் பக்கத்திலிருந்து துடைப்பக்கட்டையால் பதில் தட்டுவாள். இரு வீட்டுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு அவ்வளவாக இல்லை.

"உன் வண்டி என் தூக்கத்தைக் கெடுக்குது. அந்தத் தார்ப்பாய் ராத்திரியெல்லாம் படபடன்னு அடிக்குது."

"மன்னிச்சிடுங்க மார்லின். கெத்தின் வந்ததும் வேற எடத்துல வைக்கச் சொல்றேன்."

"வேற எடம்னா எங்க, ஆத்துலயா? எங்க வீட்டுல கொண்டாந்து வை."

நெரிஸுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது.

"என்ன முழிக்கறே? என் கதவு அகலம். எங்க வீட்டுக்காரர் க்ளெம்முக்குக் கால் போனப்ப ஊர்க் கவுன்சில்ல இடிச்சுக் கட்டிக் குடுத்தது. சாய்வுப் பலகையும் போட்டிருக்கு. அவரோட சக்கர நாற்காலி போய்வந்த எடத்துல உன் தேர் போகாதா?"

"உங்களுக்குத் தொந்தரவா..."

"தொந்தரவுதான். யாரு இல்லைன்னா? சக்கரத்துல ஆட்டுப் புழுக்கையை ஒட்டிக்கிட்டு வந்தா உள்ள விட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"இத்தனை நாளாச் சொல்லலையே நீங்க."

"நீ கேக்கலையே. உன் பையன் சுவத்தைப் பேக்கறானேன்னு நானும் கோவமா இருந்தேன்." மார்லின் அவள் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "தலையைச் சீவிட்டு வா. நான் வண்டியைத் துடைச்சு வைக்கறேன்."

நெரிஸ் கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில் நின்று அழுதாள். விக்கி விக்கி, மூக்கு ஒழுக அழுதாள். போன தடவை அழக்கூட வரவில்லை. இப்போது அழ வந்ததே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பிறகு தலையைச் சீவிக்கொண்டு போனாள்.

அன்றுமுதல் வண்டி மார்லின் வீட்டு நடையில் தூங்கியது. காலையில் நெரிஸ் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்குப் போவாள். அங்கேயே இருவரையும் உட்காரவைத்து வாரைப் பூட்டுவாள். மார்லின் ஒவ்வொரு நாளும் ஒரு குறை கண்டுபிடிப்பாள். தொப்பி சின்னது, கையுறை ஜோடி மாறிவிட்டது, இந்த மழையில் எந்தப் பைத்தியம் வெளியே போகும். சொல்லிக்கொண்டே மழைத் திரையை இழுத்துவிட்டுச் சாய்வுப் பலகையில் வண்டியை இறக்கிவிடுவாள்.

இரட்டை வண்டியைச் சரிவில் ஓட்டுவது ஒரு தனி வித்தை. இறங்கும்போது அது உங்களை இழுத்துக்கொண்டு போகும். மணிக்கட்டில் வாரை மாட்டிக்கொண்டு, குதிகாலை ஊன்றி, பின்னால் சாய்ந்து இறங்க வேண்டும். ஏறும்போது நேரே ஏறினால் பாதியில் மூச்சு நின்றுவிடும். தெருவின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகக் கோணலாக ஏறக் கற்றுக்கொண்டாள். யான்டோ கனம், லவ்ரி பஞ்சு. அதனால் வண்டி எப்போதும் யான்டோ பக்கம் திரும்பப் பார்க்கும். மாவு மூட்டையோ உருளைக்கிழங்கோ வாங்கினால் லவ்ரியின் அடியில் வைத்துச் சரிக்கட்டிவிடுவாள்.

கடைத்தெருவில் கேலிக்குப் பஞ்சமில்லை. "வழி விடுங்கப்பா, லாரி வருது," என்பார் கறிக்கடைக்காரர். பழைய துணிக் கடைக்குள் போனால் மற்றவர்கள் வெளியே வர வேண்டும். மருந்துக் கடைப் பெண் அவளைக் கண்டதும் பொட்டலத்தை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவாள். ஒரு நாள் பேருந்தில் ஏறி அமர்ந்த பிறகு அடுத்த நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருந்தார். அந்த இடம் அவருக்குத்தான். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "எறங்கணும் கண்ணு," என்றார். இறங்கினாள். ஆற்றோரமாக மழையில் நடந்தே வந்தாள். நனைந்து வந்தவளைப் பார்த்து மார்லின் தலையில் அடித்துக்கொண்டு துண்டைக் கொடுத்தாள், முதலில் சக்கரத்துக்கு, அப்புறம் அவளுக்கு. மதியம் முழுவதும் எதையுமே யோசிக்காமல் நடந்திருக்கிறோம் என்பது துவட்டும்போதுதான் நெரிஸுக்கு உறைத்தது.

இன்னொரு தொல்லை வெள்ளிக்காசு. புதுக்குழந்தையை முதல்முறை பார்த்தால் போர்வைக்கடியில் ஒரு காசு செருக வேண்டும், அது வழக்கம். வயசான பெண்கள் ஒருவர் விடாமல் லவ்ரி பக்கம் குனிந்தார்கள். பக்கத்து இருக்கையில் யான்டோ கையை நீட்டியபடி காத்திருந்தான்.

"அவளுக்கு மட்டும்?" என்று கேட்டான் ஒரு கிழவியிடம்.

"உனக்கு ரெண்டு வருஷத்துக்கு முந்தியே குடுத்தாச்சு ராஜா."

"இல்ல. குடுக்கல."

"குடுத்தேன்டா. உங்கம்மாவைக் கேளு."

நெரிஸ் குனிந்து லவ்ரியின் போர்வையைச் சரிசெய்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவனை யார் பார்த்தார்கள், யாரால் காசு கொடுக்க முடிந்தது? கிழவி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைத் திறந்து அவன் கையிலும் ஒன்று வைத்தாள். அவன் அதை உடனே வாயில் போட்டுக்கொண்டான். அதைத் தோண்டி எடுப்பதற்குள் மூன்று பெண்களும் ஒரு நாயும் கூடிவிட்டார்கள். நெரிஸ் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். வயிற்றுத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை. வெயில் வந்திருந்தது. தபால் நிலையம் தாண்டி வரும்போது யான்டோவின் தலை லவ்ரி பக்கம் சரிந்தது. குனிந்து பார்த்தாள். இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே நேரத்தில். லவ்ரி பிறந்ததிலிருந்து அப்படி ஒன்று பகலில் நடந்ததே இல்லை.

இத்தாலியக்காரர் ரென்சோவின் காபிக் கடை வாசலில் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கதவின் இன்னொரு பாதியின் தாழ்ப்பாளையும் நீக்கி அகலத் திறந்துவிட்டார். ஜன்னலோர மேசை. டீயும், சீஸ் உருக்கிய ரொட்டியும் வந்தன. டீ சூடாக இருந்தது. சூடாக டீ குடித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே ஊதி ஊதிக் குடித்தாள்.

பாதி ரொட்டி ஆகியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒருவன் ஓடினான். வெள்ளைத் தொழிற்சாலை அங்கி, தலையில் முடி உதிராமல் போடுகிற வலைத்தொப்பி. அது கெத்தின் என்று தெரிய ஒரு கணம் பிடித்தது. கண்ணாடியைத் தட்டினாள். அவன் நின்று திரும்பினான். அப்படி ஒரு முகத்தை அவனிடம் அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

உள்ளே வந்து எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு வாங்கியது.

"என்னாச்சு? டெலித்துக்கு ஏதாவதா?"

"நீ ஃபோன் எடுக்கல."

அவள் பையைத் துழாவினாள். ஃபோன் சமையலறை மேசையிலேயே இருந்திருக்க வேண்டும்.

"நாலஞ்சு தடவை அடிச்சேன். வேலையை அப்படியே போட்டுட்டு வந்தேன். வீட்டுல யாருமில்ல. மார்லின் வீடும் பூட்டியிருக்கு."

"அவங்க வெள்ளிக்கிழமை முடி வெட்டிக்கப் போவாங்க. மெதுவாப் பேசு கெத்தின். ரெண்டும் ஒண்ணாத் தூங்குது, பாரு."

அவன் பார்க்கவில்லை. உட்கார்ந்தான்.

"போன தடவை," என்றான். "போன தடவை ஒவ்வொரு இடைவேளைக்கும் கூப்பிடுவேன். ஞாபகம் இருக்கா? நீ எடுப்பே. எடுத்துட்டு ஒண்ணும் பேச மாட்டே. நான் உன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுட்டு வச்சிடுவேன். நீ இருக்கேன்னு தெரிஞ்சாப் போதும்னு."

நெரிஸுக்கு ஞாபகம் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஃபோன் அடித்ததே அவளுக்கு ஞாபகம் இல்லை. தான் தனியாகத்தான் அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தினமும் ஒருத்தன் மாவு படிந்த கையோடு ஃபோனைக் காதில் வைத்து அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

"உனக்குத் தெரியும்னு நீ சொல்லவேயில்லையே."

"என்னத்தைச் சொல்ல? சொன்னா உடைஞ்சிடுவியோன்னு பயம். இன்னிக்கு நீ எடுக்கவே இல்ல நெரிஸ்."

அவள் மேசைமேல் கையை நீட்டி அவன் கையைப் பிடித்தாள். இவ்வளவு நாள் தனக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்ததை இப்போது சாதாரணமாகச் சொல்ல முடிந்தது.

"நானும் பயந்துட்டேதான் இருந்தேன். காலைல எழுந்ததும் முதல்ல அதைத்தான் பாப்பேன், வந்திடுச்சான்னு. வரல கெத்தின். களைப்பா இருக்கு, முதுகு வலிக்குது, உங்கக்கா மேல எரிச்சலா இருக்கு. ஆனா அது வரல."

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான், பிறகு அங்கியின் கையால் கண்ணைத் துடைத்தான். வலைத்தொப்பி இன்னும் தலையிலேயே இருந்தது. ரென்சோ கேட்காமலே இன்னொரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் போய் எதையோ மும்முரமாகத் துடைத்தார்.

"ஷிஃப்டுக்குப் போகலையா?"

"போகணும். திட்டுவாங்க."

"திட்டட்டும். கொஞ்ச நேரம் இரு." மீதி ரொட்டியை அவன் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு, இன்னும் சூடா இருக்கு."

அவன் சாப்பிட்டான். பிள்ளைகள் எழுந்துகொள்ளும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.